ஹார்மோன் வழிப் புற்றுநோய் மருந்து: தொடங்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். கீமோதெரபி சில மாதங்கள், கதிர்வீச்சு சில வாரங்கள். அதன் பிறகு மருத்துவர் எழுதித் தரும் ஹார்மோன் வழி மாத்திரை மட்டும் ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் தொடரும். மற்றச் சிகிச்சைகள் மருத்துவமனையில், மருத்துவர், செவிலியர் கண்முன் நடக்கின்றன. இந்தச் சிகிச்சை நோயாளியின் வீட்டில், அவர் கையாலேயே நடக்கிறது. ஐந்து ஆண்டு என்பது 1,825 மாத்திரைகள். நடுவில் நிறுத்திவிட்டால் அடுத்த பரிசோதனை வரை யாருக்கும் தெரியாது.

நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் கரையில் உள்ள மோகனூரை எடுத்துக்கொள்வோம். கரும்பு, வாழை, கோரை, வெற்றிலை என்று பாசனத்தில் வாழும் ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். இங்கிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் சேலம், ஈரோடு, கோவை, சென்னை அடையாறு என்று நெடுந்தூரம் போய் வருகிறார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட நாட்களில் கால் வீங்கினாலும், கை மூட்டு மடங்காமல் போனாலும், உதிரப்போக்கு வந்தாலும் முடிவெடுப்பது நோயாளியும் வீட்டாரும் உள்ளூர் மருந்துக் கடைக்காரரும்தான். ஆகவே முதல் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் நடக்கும் பேச்சு, பின்னால் வரும் பல பயணங்களுக்குச் சமம்.

மருந்து செய்யும் வேலை

"ஹார்மோன் மாத்திரை" என்ற பெயரே குழப்பத்துக்குக் காரணம். உடம்பில் ஹார்மோனைக் கூட்டுவதற்குத் தருகிறார்கள் என்றும், ஸ்டீராய்டு போன்றது என்றும் பலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. சில வகை மார்பகப் புற்றுநோய் அணுக்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொண்டு வளர்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய் அணுக்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொண்டு வளர்கின்றன. வாய்க்காலை அடைத்தால் பயிர் வாடுவதைப் போல, அந்த ஹார்மோன் சுரப்பதைக் குறைப்பதோ, அது அணுவுக்குள் வேலை செய்யாமல் தடுப்பதோ இம்மருந்துகளின் பணி.

இதன் தொடக்கக் கதை கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு எளிதில் புரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், பசுக்களின் சினைப்பையை எடுத்துவிட்டால் நெடுநாள் பால் தொடர்வதைச் சில நாட்டு விவசாயிகள் அறிந்து பயன்படுத்துவதைக் கவனித்தார். சினைப்பைக்கும் மடிக்கும் தொடர்பு உண்டென்றால் பெண்ணின் மார்பகத்துக்கும் இருக்க வேண்டும் என்று கருதி, முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட இளம்பெண் ஒருவரின் சினைப்பைகளை அகற்றினார். கட்டிகள் சுருங்கின. 1896இல் அவர் இதை வெளியிட்டபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே கண்டுபிடிக்கப்படவில்லை. 1941இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் புராஸ்டேட் புற்றுநோயில் விதைப்பையை நீக்கி இதே வழியைக் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதிகம் பயன்படும் தமாக்சிஃபென் 1960களில் இங்கிலாந்தில் கருத்தடை மருந்தாகத் தேடப்பட்டு, அதற்கு உதவாமல் போய், புற்றுநோய்க்கு வந்து சேர்ந்த மருந்து.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய இரண்டு வரிகள்

இம்மருந்து எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் பயன்படாது. பயாப்சியில் எடுத்த சதையில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரு ஏற்பிகள் இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். முதலாவது ஈஸ்ட்ரோஜனுக்கு உரியது, இரண்டாவது புரொஜெஸ்டிரோனுக்கு. உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஈ.ஆர். உள்ளவை, இந்திய ஆய்வுகளில் இந்த அளவு பெரும்பாலும் சற்றுக் குறைவாக வருகிறது. ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்ற சொல் மட்டுமன்றி எத்தனை சதவீத அணுக்கள் என்பதும் இருக்கும். 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் என்று கொள்வது வழக்கம். ஆனால் 1 முதல் 10 வரை உள்ளவர்களுக்கு மருந்தின் பலன் 90 சதவீதம் உள்ளவர்களுக்குப் போல உறுதியானதல்ல. எனவே எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவ் என்று வந்தவர்களும் ஒன்று கேட்கலாம். எடுத்த சதையை உடனே உரிய கரைசலில் போடாமல் நேரம் கடத்தினால் ஏற்பிகள் சிதைந்து பொய்யாக நெகட்டிவ் வரக்கூடும். சிறிய ஊர் ஒன்றில் கட்டியை எடுத்து, பாட்டிலில் போட்டு, பேருந்தில் ஆய்வகத்துக்குக் கொண்டு போனவர்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் ஆய்வகத்தில் கேட்டுப் பெறலாம். மறுசோதனை அதில் செய்ய முடியும்.

மாதவிடாய் நின்றுவிட்டதா?

பேச்சில் மிகவும் தவறாகப் போகும் கேள்வி இதுதான். மருந்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இதன் பதிலைப் பொறுத்தது. தமாக்சிஃபென் மாதவிடாய் உள்ளவர், நின்றவர் இருவருக்கும் ஆகும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்சிமெஸ்டேன் ஆகிய அரோமட்டேஸ் தடுப்பிகள் சினைப்பை ஓய்ந்தவர்களுக்கே தனியாகப் பலன் தரும். சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது இவற்றைத் தனியே கொடுத்தால் பயன் இல்லை. சில வேளை சினைப்பையை இன்னும் தூண்டிவிடும்.

தமிழ்நாட்டில் நடுத்தர வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் நிறைய. "உங்களுக்கு மாதவிடாய் வருதாங்கம்மா?" என்று மருத்துவர் கேட்பார். "நின்னு எட்டு வருசம் ஆச்சுங்க" என்று பதில் வரும். இரண்டு பேரும் உண்மையையே பேசுகிறார்கள். ஆனால் கர்ப்பப்பை போனதால் இரத்தம் வரவில்லையே தவிர, சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அவை 45 வயதிலும் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கும். ஆகவே "கர்ப்பப்பையை எடுத்தாங்க, எனக்கு அப்போ 38 வயசு, சினைப்பையையும் எடுத்தாங்களான்னு தெரியலை" என்பதுதான் முழுப் பதில். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போவது நல்லது. இல்லையென்றால் எஸ்ட்ரடயோல், எஃப்.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் உதவும். கீமோதெரபியால் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அது நிரந்தரமாக நின்றதாகக் கொள்ள முடியாது, ஒன்றிரண்டு ஆண்டில் திரும்பலாம்.

மாதவிடாய் உள்ள, நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்குச் சினைப்பையை ஓயவைத்து அதனுடன் மாத்திரையும் தருவார்கள். ஓயவைக்க இரண்டு வழி: மாதம் ஒருமுறை ஊசி, அல்லது சினைப்பைகளை ஒரேயடியாக அகற்றுவது. குழந்தைப்பேறு முடிந்தவருக்கு, மாதந்தோறும் ஊசிக்காக 60, 70 கிலோமீட்டர் போய்வர வேண்டியவருக்கு, அகற்றுவது செலவிலும் அலைச்சலிலும் மிச்சம். ஆனால் அதை மீட்க முடியாது. ஊசியை நிறுத்த முடியும். இரண்டையும் மருத்துவர் சொல்லாவிட்டாலும் நோயாளி கேட்கலாம்.

எவ்வளவு பலன், எத்தனை ஆண்டு

பயத்தைவிடக் கணக்கு பேசுவது நல்லது. ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் ஐந்து ஆண்டு தமாக்சிஃபென் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, 15 ஆண்டு அளவில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பல்லாயிரம் பெண்களின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2011இல் காட்டியது. மாத்திரையை நிறுத்திய பின்னும் அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது. பத்து ஆண்டு எடுப்பது சிலருக்குக் கூடுதல் பலன் என்பது 2012இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவருக்கு இந்தப் பலன் எண்ணிக்கையில் சிறிது, மிகுதியாக உள்ளவருக்குப் பெரிது. "என் நோய்க்கு இது எவ்வளவு உதவும்? ஐந்தா, பத்தா? எப்போது முடிவு செய்வீர்கள்?" என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

இங்கே ஒரு வீட்டுச் சிக்கல் உண்டு. நோயாளிக்கு மனம் உடையும் என்று "சதை வளர்ந்திருந்தது, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. மாத்திரையைச் சத்து மாத்திரை என்பார்கள். சத்து மாத்திரையால் உடம்பு சூடாகிறது, மூட்டு வலிக்கிறது என்றால் யார்தான் ஐந்து ஆண்டு விழுங்குவார்? ஹார்மோன் மருந்தைப் பொறுத்தவரை உண்மையை மறைப்பது அன்பாகத் தெரிந்தாலும் சிகிச்சையைக் கெடுக்கும்.

அறையில் யார் இருக்கிறார்கள்

மருத்துவமனைக்குப் பெரும்பாலும் மகனோ மருமகனோ அழைத்து வருகிறார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவரும் பேசுபவரும் அவர்களே. பிறப்புறுப்பு வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, வெள்ளைப்படுதல் ஆகியவை இம்மருந்துகளில் சாதாரணமாக வரும் தொல்லைகள். மகன் முன்னால் எந்தத் தாயும் இவற்றைக் கேட்கமாட்டார். "தம்பி கொஞ்சம் வெளியே இருக்கட்டுங்க, அஞ்சு நிமிசம் டாக்டரம்மாகிட்டத் தனியாப் பேசணும்" என்று சொல்வதில் தவறில்லை. வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத வழவழப்புக் களிம்புகள் உண்டு. உள்ளூரில் வேறு மகளிர் மருத்துவரிடம் போனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை எழுதித் தர வாய்ப்புள்ளது. புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

தொல்லைகள்: எவை பொறுக்கலாம், எவை ஓட வேண்டும்

திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை சூடு ஏறி வியர்ப்பது இரு வகை மருந்திலும் வரும். நாமக்கல் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் இது வெக்கையா மருந்தா என்றே தெரியாது. சில மாதங்களில் பலருக்குக் குறைகிறது. குறையாவிட்டால் மாத்திரை உண்டு.

அரோமட்டேஸ் தடுப்பிகளில் மூட்டு வலியும் காலை இறுக்கமும் அதிகம். விடியலில் பால் கறப்பவர், களை எடுக்க உட்கார்ந்து எழுபவர், கோரை அறுப்பவர் ஆகியோருக்கு இது வெறும் தொல்லை அன்று, கூலியே போகும் விஷயம். உங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு தடுப்பி ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொரு தடுப்பியோ தமாக்சிஃபெனோ ஒத்துக்கொள்ளலாம். மாற்ற முடியும் என்பது தெரியாமலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நடைப்பயிற்சி வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் உள்ளன. இத்தடுப்பிகள் எலும்பின் வலுவையும் குறைக்கும். தொடங்கும் முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா, கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு என்று கேட்க வேண்டும். எலும்புக்கான ஊசி போடுவதாக இருந்தால் சொத்தைப் பல்லை முன்பே பிடுங்கிவிடுவது முறை. ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு, குறைவுதான் என்றாலும், உண்டு.

தமாக்சிஃபெனில் எலும்புக்கு அந்த அளவு பயமில்லை. மாதவிடாய் நின்றவருக்கு அது எலும்பைக் காக்கவே செய்கிறது. அதன் இரண்டு ஆபத்துகள் அரிதானவை, ஆனால் பெரியவை. ஒன்று, இரத்தம் உறைந்து கால் நரம்பில் அடைப்பது. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று வந்தால் சேலத்துக்கோ சென்னைக்கோ பரிசோதனை நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்சில் ஏறி அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாத்திரைச் சீட்டோடு. முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், குடும்பத்தில் வந்தவர்கள், வேறு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டு, கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய். 50 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது இரண்டு மூன்று பேருக்கு என்று உயர்கிறது. இளம்பெண்களில் இந்த உயர்வு தெளிவாக இல்லை. மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதை "சூடு" என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மஞ்சள், லேகியம், மற்ற மாத்திரைகள்

தமாக்சிஃபென் விழுங்கிய வடிவில் முழு வலுவோடு இருப்பதில்லை. கல்லீரலில் மாறி எண்டாக்சிஃபென் ஆன பிறகே அதன் வலு பெருமளவில் வெளிப்படுகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. இதில் ஒரு விபரீதம்: உடற்சூட்டைத் தணிக்கவே பராக்சிடின் எழுதப்படுவதுண்டு. வேறு மருந்துகள் இருக்கின்றன. எந்த மருத்துவரிடம் போனாலும் தமாக்சிஃபென் எடுப்பதைச் சொன்னால் போதும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரினும் இதனோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வரும்.

ஈரோட்டு மஞ்சள் விளையும் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் புற்றுநோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் குர்குமின் கேப்சூல் வாங்கிச் சாப்பிடுவோர் பெருகிவிட்டார்கள். உடம்பில் ஏறுவதற்காக அதில் மிளகுச் சத்தும் சேர்ப்பார்கள். 2019இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஒரு சிறிய ஆய்வில், தமாக்சிஃபெனுடன் குர்குமின் எடுத்தவர்களின் இரத்தத்தில் எண்டாக்சிஃபென் குறைந்தது. மிளகுச் சத்தும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. ஆராய்ந்தது பெரிய அளவிலான கேப்சூலைத்தான். குழம்பில் போடும் மஞ்சள்தூளையும் ரசத்து மிளகையும் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

நாட்டு மருந்து எடுப்பதை மறைப்பதே வழக்கமாக இருக்கிறது. டாக்டர் திட்டுவார் என்ற பயம். தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜன்போல் நடக்கும் பொருட்கள் இருப்பதாகக் கருதப்படுவதால், லேகியமோ சூரணமோ, டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது. பெயர் எழுதாத பொடி என்றால் நிறுத்துவதே என் கருத்து. உணவாகச் சாப்பிடும் சோயாவுக்குத் தடை இல்லை.

பிள்ளைப்பேறு

தமாக்சிஃபென் எடுக்கும்போது மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். ஆனால் அது கருத்தடை மாத்திரை அல்ல. சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டவே செய்யும். கரு உண்டானால் சிசுவுக்குக் கேடு. எனவே ஹார்மோன் இல்லாத கருத்தடை, அதாவது காப்பர் டி அல்லது ஆணுறை, வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சாயா என்ற பெயரில் கிடைக்கும் வார மாத்திரையில் ஹார்மோன் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அந்தச் சென்ட்குரோமனும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மீதே வேலை செய்வது, தமாக்சிஃபெனுக்கு உறவு. அதை எடுத்துக்கொண்டிருந்தால் சொல்ல வேண்டும்.

குழந்தை வேண்டும் என்ற இளம்பெண்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே, முடிந்தால் கீமோதெரபிக்கு முன்பே, அதைச் சொல்வது அவசியம். 18 முதல் 30 மாதம் மருந்து எடுத்தபின் இரண்டு ஆண்டு வரை நிறுத்திக் கருவுற முயன்ற ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த முடிவு 2023இல் வந்தது. அந்தக் குறுகிய கால அளவில் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. நெடுங்கால முடிவுகள் இன்னும் வர வேண்டும். மருந்தை நிறுத்திய உடனேயே கருவுறாமல் சில மாத இடைவெளியும் வேண்டும்.

ஆண்களுக்கு

புராஸ்டேட் நோயில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க லூப்ரோலைடு போன்ற ஊசிகளை மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுவார்கள். அல்லது விதைகளை அகற்றுவார்கள். பலன் ஒன்றே. அகற்றுவது மலிவு, ஒருமுறையோடு முடிவது. ஆனால் பெரியவரிடம் விவரம் சொல்லாமலே "சின்ன ஆபரேசன்" என்று வீட்டார் கையெழுத்துப் போடுவது கொடுமை. ஊசியைத் தேர்ந்தால், முதல் இரண்டு மூன்று வாரம் ஹார்மோன் குறைவதற்கு முன் கூடும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு அந்நாட்களில் கால் மரத்துப்போகலாம், சிறுநீர் அடைக்கலாம். இதைத் தவிர்க்க முன்கூட்டியே மாத்திரை தருவார்களா என்று கேட்க வேண்டும். ஆசை குறைவது, உடல் பருப்பது, சர்க்கரை கூடுவது, எலும்பு தேய்வது, மனம் சோர்வது எல்லாம் சேர்ந்து வரும். இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்கள் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அபிரடெரோன் மாத்திரை எழுதினால் அதை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் பல மடங்கு ஏறும். கூடவே தரும் பிரெட்னிசலோனை "ஸ்டீராய்டு" என்று அஞ்சித் தனியாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை தீரும் நாள்

தமாக்சிஃபென் விலை குறைந்த மருந்து. மற்றவற்றுக்கும் ஜெனரிக் வடிவங்கள் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உள்ளது. ஊசியும் மாத்திரையும் அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் மருந்து தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். மூன்று மாத மாத்திரையை மொத்தமாகத் தர முடியுமா, நாமக்கல் அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ள எழுதித் தருவார்களா என்பதும் கேட்கத்தக்கவை. கடையில் அதே பெயர் இல்லாமல் வேறு கம்பெனி மாத்திரை தந்தால், மருந்தின் பெயரும் மி.கி. அளவும் ஒன்றா என்று பார்த்தால் போதும்: தமாக்சிஃபென் வழக்கமாக 20, லெட்ரோசோல் 2.5, அனஸ்ட்ரோசோல் 1.

ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்கக் கூடாது. தகரக் கூரை வீட்டில் அடுப்புப் பக்கமோ ஜன்னல் ஓரமோ மாத்திரையை வைக்காமல், நிழலான இடத்தில் வைக்க வேண்டும். ஊர்த் திருவிழா, அறுவடை, மகள் பிரசவம் என்று வெளியூரில் தங்கும் நாட்களில்தான் மாத்திரை அதிகம் தவறுகிறது. பையில் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும். தொல்லை வந்தால் நிறுத்தும் முன் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணை, மருத்துவருடையது இல்லாவிட்டாலும் அவரது பிரிவுச் செவிலியருடையதை, மருந்துச் சீட்டின் பின்புறம் அன்றே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.